முதல்ல கரண்ட் வருதா பாரு!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது நமது செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். "மெஸ் சாம்பார் பத்தியும் ஹாஸ்டல் வார்டன் பத்தியும் பேச ஏற்கனவே ஏழு பேர் இருக்காங்க. நீ ஃபேக்டரிக்காரன். உபயோகமா ஏதாவது பேசு" என்றார். உபயோகமாகப் பேசுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. யோசித்துப் பார்த்ததில், நம் எல்லோர் வீட்டு பீரோவிலும் இருக்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. அதுதான் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். கல்யாண போட்டோ, காதுகுத்து வீடியோ, அப்பாவின் குரல் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு நாள் அதை லேப்டாப்பில் சொருகுவோம். லேப்டாப் "நீ யார்?" என்று கூடக் கேட்காது. அப்போது என்ன செய்வது, அதைவிட முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பதே என் பேச்சு.

நாம் 1997ல் வெளியே வந்தவர்கள். கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன தலைமுறை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை 1.44 எம்.பி. ப்ளாப்பியில் எடுத்துப் போனோம். ப்ளாப்பியை நாம் நம்பியதே இல்லை. அதனால் மூன்று காப்பி எடுத்து, ஒன்றை சட்டைப் பையிலும் ஒன்றைப் புத்தகத்துக்குள்ளும் இன்னொன்றை அறை நண்பனிடமும் வைத்தோம். இன்று ஆயிரம் ஜி.பி. டிஸ்க்கை நம்பி ஒரே ஒரு காப்பி வைத்திருக்கிறோம். வளர்ச்சி என்று இதைத்தான் சொல்கிறோமா என்று எனக்குச் சந்தேகம்!

1956ல் ஐ.பி.எம். முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டபோது அதில் 50 வட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு சுமார் 5 எம்.பி.தான். இன்றைய கைபேசியில் எடுக்கும் போட்டோ ஒன்றோ இரண்டோ அதில் அடங்கும். அந்த ஒரு டன் சமாச்சாரம்தான் இன்று உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கைக்கு வந்ததால்தான் கீழேயும் விழுகிறது.

நான் 1998ல் இருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த அதே வருடம். அப்புறம் 2006ல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2010ல் ஓரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012ல் டெய்ம்லர் லாரி. சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோனே தயாராகிறது. டெல் லேப்டாப்பும் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகிறது. ஆனால் லேப்டாப் தயாராகும் ஊரில் இருப்பவனுக்கும் டிஸ்க் தெரியவில்லை என்றால் கை நடுங்கத்தான் செய்யும்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் ஒரு மூத்த எலக்ட்ரீஷியன் இருந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். நம்மைப் போன்ற பட்டதாரிகளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஒரு நாள் ப்ரெஸ் மெஷின் நின்றுவிட்டது. நான் சர்க்யூட் படத்தை விரித்து, கன்ட்ரோல் பேனலைத் திறந்து, கார்டு போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தார். "தம்பி, முதல்ல கரண்ட் வருதா பாரு. அப்புறம் ஒயரைப் பாரு. கடைசியாத்தான் மெஷினைத் தொறக்கணும்" என்றார். சென்சாருக்குப் போகும் ஒயரைக் கையால் நீவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நிறுத்தினார். மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. மெஷின் ஓடியது. என் பட்டம் பேனலுக்குப் பக்கத்தில் வெட்கப்பட்டு நின்றது.

அந்த மூன்று வரி போதும். ஹார்டு டிஸ்க்குக்கும் அதே வைத்தியம்தான்.

முதலில் கரண்ட். டிஸ்க்கைச் சொருகியதும் விளக்கு எரிகிறதா பாருங்கள். காதருகே வைத்துக் கேளுங்கள். உள்ளே வட்டு சுற்றும் மெல்லிய சத்தம் வரவேண்டும். எஸ்.எஸ்.டி. வகையில் சுற்றுவதற்கு ஒன்றும் கிடையாது, அதில் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். யூ.எஸ்.பி. என்பது 1996ல் வந்த ஏற்பாடு. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் நம் பரோடா பல்கலைக்கழகத்தில் படித்த அஜய் பட். அதன் இரண்டாம் தலைமுறைத் துளை தருவது 500 மில்லி ஆம்பியர், மூன்றாம் தலைமுறைத் துளை 900. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில்தான் அதிகக் கரண்ட் தேவை. நடுவில் ஒரு ஹப்பை வைத்து, அதில் மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாவற்றையும் மாட்டி, மிச்சமிருக்கும் துளையில் டிஸ்க்கைச் சொருகினால், பாவம் அது எப்படி எழும்? ஹப்பை எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள்.

அடுத்தது ஒயர். இதில்தான் பெரும்பாலான நோய் தீர்ந்துவிடுகிறது. பல டிஸ்க்குகளில் துளை கொஞ்சம் அகலமாக, இரண்டு பகுதியாக இருக்கும். அதன் பெரிய பகுதியில் பழைய போன் சார்ஜர் ஒயரும் அச்சாகப் பொருந்தும். சில சார்ஜர் ஒயர்களில் கரண்ட் போகும் கம்பி மட்டுமே உண்டு, தகவல் போகும் கம்பி கிடையாது. விளக்கு எரியும், டிஸ்க் சுற்றும், லேப்டாப்புக்கு ஒன்றுமே தெரியாது. நாமோ டிஸ்க் போய்விட்டது என்று அழுவோம். நல்ல, குட்டையான ஒயர் ஒன்றை மாற்றிப் பாருங்கள். வேறு துளை. அப்புறம் வேறு கம்ப்யூட்டர். வேறு கம்ப்யூட்டரில் தெரிந்தால் நோய் உங்கள் லேப்டாப்பில் என்று அர்த்தம்.

இதற்கும் மசியவில்லை என்றால், விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். ஃபைல்கள் தெரியும் ஜன்னலில் வராத டிஸ்க், இங்கே பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, வகுப்பில் ஆளைக் காணோம் என்பது நமக்குப் புதிதா என்ன! "ஆஃப்லைன்" என்று காட்டினால் ஆன்லைன் ஆக்குங்கள். எல்லாம் நலம் என்று காட்டி, எழுத்து மட்டும் இல்லையென்றால், ஈ, எஃப் என்று ஓர் எழுத்தை ஒதுக்கிக் கொடுங்கள். உடனே வந்துவிடும்.

ஆனால் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்றோ, "இனிஷியலைஸ் செய்யவும்" என்றோ ஒரு பெட்டி வந்தால், தயவுசெய்து கையை எடுத்துவிடுங்கள். நான் இன்று இந்த மேடையில் நிற்பதே இதைச் சொல்லத்தான்.

2013ல் எங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு தம்பி இருந்தான். ராமநாதபுரம் பக்கத்துப் பையன். ஓரகடத்தில் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து ஒரு சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்தான். "சார், ஊர்ல எடுத்த வீடியோ எல்லாம் இதுல இருக்கு. ரூம்ல யாரோ பிடுங்கிப் போட்டுட்டாங்க. இப்ப எதுவும் வரல" என்றான். நான் பெரிய இன்ஜினியர் அல்லவா? சொருகினேன். ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. "செஞ்சாத்தான் தொறக்கும் தம்பி" என்று சொல்லி அழுத்திவிட்டேன். திறந்தது. காலியாகத் திறந்தது. அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருக்கும். அவசர ஃபார்மட்டில் பழைய தகவல் அழிவதில்லை, அதன் முகவரிப் பட்டியல்தான் புதிதாகிறது. நானோ டிஸ்க் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, என்னிடம் இருந்த சினிமாப் படங்களை எல்லாம் அதற்குள் கொட்டினேன். பழையது இருந்த இடத்தில் புதியது எழுதப்பட்டுவிட்டது.

அப்புறம்தான் அவன் சொன்னான். அதில் இருந்தது அவன் அம்மாவின் வீடியோ. அம்மா அதற்கு முந்தைய வருடம் தவறிப்போயிருந்தார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து என்னென்னவோ செய்து பார்த்தேன். நாலைந்து போட்டோ பாதியாக வந்தது. வீடியோ வரவில்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல சார், நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான். அந்த "பரவால்ல சார்" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் அன்று மெஷினை முதலில் திறந்தவன். கரண்டையும் பார்க்கவில்லை, ஒயரையும் பார்க்கவில்லை, "உள்ளே என்ன இருக்கிறது?" என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஆகவே நான் கற்ற பாடம் இது. பழுது பார்ப்பது வேறு, பொருளைக் காப்பாற்றுவது வேறு. வீடு எரியும்போது முதலில் ஆளை வெளியே கொண்டு வருகிறோம், சுவருக்கு வெள்ளையடிப்பதில்லை. டிஸ்க் கொஞ்சமேனும் தெரிந்தால் முதல் வேலை காப்பி எடுப்பது. "செக் டிஸ்க்" போன்ற சரிபார்க்கும் கட்டளைகள் அந்த டிஸ்க்கின் மேலேயே எழுதித் திருத்துபவை. நோயாளி டிஸ்க்கில் அதை ஓட்டுவது, காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்தில் விடுவது மாதிரி. இன்னொன்று: ஆப்பிள் கம்ப்யூட்டரிலோ லினக்ஸிலோ பயன்படுத்திய டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினாலும் ஃபார்மட் செய்யவா என்றுதான் கேட்கும். டிஸ்க்கில் குறையே இருக்காது. பாஷை புரியாதவன் கேட்கும் கேள்வி அது. அவன் பேச்சைக் கேட்டு அழித்துவிடாதீர்கள்.

"டிக், டிக்" என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். வட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். அந்த முனை இடறிக்கொண்டிருக்கும்போது மறுபடி மறுபடி ஓட்டினால் வட்டையே சுரண்டிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும், தட்டினால் சரியாகும் என்பார்கள். செய்யாதீர்கள். மூடியைக் கழற்றவும் வேண்டாம். தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணர்களிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். செலவு அதிகம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியபோது, நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்துச் சொருகிப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. நனைந்ததற்குக் கரண்டே கொடுக்கக் கூடாது. அதுவும் நிபுணர் வேலைதான்.

இப்போது நம் ஆள் ஒருவனைப் பற்றி. பெயர் சொல்லத் தேவையில்லை. ஹாஸ்டலில் எப்போதும் கழுத்தில் கேமராவோடு திரிந்தவன் யார் என்று கேட்டால் இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். 36 படம் எடுக்கும் ஃபிலிம் சுருளில் 38 படம் எடுப்பான். நம் கடைசி நாள் போட்டோக்களை எல்லாம் நெகட்டிவ்வோடு பத்திரமாக வைத்திருந்து, பிற்பாடு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தான். 2021ல், கொரோனா இரண்டாம் அலையில் அவன் போய்விட்டான். நம்மில் பலரால் கடைசி மரியாதைக்குக்கூடப் போக முடியவில்லை.

சென்ற வருடம் அவன் மனைவி, மஞ்சள் பையில் ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, கடையில காட்டினேன். செத்துப் போச்சு, தூக்கிப் போட்டுருங்கன்னு சொல்லிட்டாங்க. இதுலதான் அவரு பேசுறது இருக்கு. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

நான் டிஸ்க்கைத் தொடவில்லை. முதலில் உட்கார வைத்து, காபி கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது, வேறு எங்காவது காப்பி உண்டா, கீழே விழுந்ததா, பூட்டுப் போட்டிருந்தாரா என்று கேட்டேன். 2013ல் கேட்காத கேள்விகள். அப்புறம் பையில் இருந்த ஒயரைப் பார்த்தேன். போன் சார்ஜர் ஒயர்! சரியான ஒயரை மாட்டியதும் லேப்டாப் "டிங்" என்றது. செத்துப் போனதாகச் சொன்ன டிஸ்க் சுற்றியது. என் மனைவி பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டாள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஃபார்மட் செய்யவா என்று அதே பெட்டி வந்தது. அதே வார்த்தைகள். என் விரல் நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. "இல்லை" என்று அழுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன். அது 500 ஜி.பி. டிஸ்க். மறுநாள் 1000 ஜி.பி.யில் புதிது ஒன்று வாங்கினேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கெட்டுப்போன இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிவிட்டு, அப்புறம் திரும்பி வந்து மிச்சத்தை முயற்சி செய்யும். நம் பரீட்சை முறைதான்: தெரிந்த கேள்வியை முதலில் எழுது. இரண்டு ராத்திரி ஓடியது. டிஸ்க் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அசலை உறையில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டு, காப்பியில் மட்டும் வேலை செய்தேன். டெஸ்ட் டிஸ்க் என்று இன்னோர் இலவச மென்பொருள். விண்டோஸ் டிஸ்க்கின் முதல் பக்கம் கெட்டுப்போனால், அதன் நகல் ஒன்று அந்தப் பகுதியின் கடைசியில் இருக்கும். வடிவமைத்தவர்களே ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! அந்த நகலை எடுத்து முன்னால் வைத்ததும் கதவு திறந்தது. எல்லாம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சில போட்டோக்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன, சில வரவேயில்லை. ஆனால் அவன் பேசும் வீடியோ வந்தது. மகளின் பிறந்தநாளில் கேக்கை வெட்டச் சொல்லிவிட்டு, "லைட்டை மறைக்காதே, தள்ளி நில்லு" என்று மனைவியை விரட்டிக்கொண்டிருக்கிறான். அந்தச் சகோதரி அழுதுகொண்டே சிரித்தார். "இப்பவும் விரட்டுறாரு பாருங்கண்ணா" என்றார்.

நீங்கள் காலையில் வரவேற்பறையில் பார்த்த 1997 போட்டோக்கள் எல்லாம் அந்த டிஸ்க்கிலிருந்து வந்தவைதான்.

எங்கள் ஆலையில் சில பழைய மெஷின்களின் ப்ரோக்ராம் ஒரு சின்ன பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கிறது. மெயின் சப்ளை இல்லாத நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் மெஷினுக்கு எல்லாம் மறந்துவிடும். அதனால் மூன்று இடத்தில் காப்பி வைத்திருக்கிறோம். இரும்புத் தகட்டை வளைக்கும் மெஷினுக்கு மூன்று காப்பி, பெற்ற தாயின் குரலுக்கு ஒரே காப்பி! பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 என்ற எளிய கணக்கு உண்டு. மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ரகசியமாக வைத்திருப்பது நம்மோடு போய்விடும். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், ரகசியமாகக் கேட்ட மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது வைணவ மரபு. பலரிடம் இருப்பது அழியாது என்று அந்த ஊர்க்காரர் அன்றே காட்டிவிட்டார்.

முடிக்கிறேன், செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோள். நம் நண்பன் வைத்திருந்ததில் சாம்பலாகிப் போன படங்களின் பிரிண்ட், உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒட்டியிருக்கலாம். தேடி எடுத்து, காப்பி எடுத்து, சங்கத்துக்கு அனுப்புங்கள். ஒன்று சங்க அலுவலகத்தில், ஒன்று கல்லூரி நூலகத்தில், ஒன்று அவன் வீட்டில் இருக்கட்டும்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்து ஒரு முறை சொருகிப் பாருங்கள். தெரிந்தால் உடனே இன்னொரு காப்பி எடுங்கள். தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். முதல்ல கரண்ட் வருதா பாருங்கள், அப்புறம் ஒயரைப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால், ஃபார்மட் மட்டும் அழுத்தாமல் எனக்கு போன் செய்யுங்கள். அந்த ராமநாதபுரத்துத் தம்பிக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.